கப்பலில் டிப்ஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குரூஸ் கப்பலில் போகப்போகிறவர்கள் முதலில் கேபின் எந்தத் தளத்தில் எடுக்கலாம் என்று கேட்பார்கள். அப்புறம் சற்றுக் குரலைத் தாழ்த்தி, "இந்த டிப்ஸ் விஷயம் எப்படி?" என்பார்கள். கேட்டால் கஞ்சன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். தொகைகளைப் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் சொல்லியிருக்கிறேன். பல பெரிய கப்பல்களில் கணக்கு அதில்தான் ஓடுகிறது.

டிக்கெட்டுக்கே அவ்வளவு பணம் கட்டியாச்சு. அதுக்கு மேல டிப்ஸும் கட்டாயமா?

சட்டம் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நடைமுறையில் கட்டாயம் மாதிரிதான். நீங்கள் கப்பலில் ஏறியதும் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறக்கப்படும். உள்ளே வாங்குவதெல்லாம் அந்தக் கணக்கில் ஏறும். அதோடு ஒவ்வொரு நாளும் ஆளுக்கு இவ்வளவு என்று ஊழியர்களுக்கான டிப்ஸும் தானாகவே ஏறிவிடும். பில்லில் அது கிராஜுவிட்டி, சர்வீஸ் சார்ஜ், க்ரூ அப்ரிசியேஷன் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் வரும். எல்லாம் ஒன்றுதான். பல கம்பெனிகளில் கேட்டுக் குறைக்க முடியும், சிலவற்றில் முடியாது. அதைப் பற்றிப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன்.

டிக்கெட் விலையை ஒப்பிடும்போதே இதையும் சேர்த்துப் பாருங்கள். விளம்பரத்தில் விலை கையடக்கமாகத் தெரிவதற்கு இந்தத் தொகை அதில் இல்லாததும் ஒரு காரணம்.

ஒரு நாளைக்கு ஆளுக்கு எவ்வளவு பிடிப்பாங்க?

பெரிய கம்பெனிகளில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 16 முதல் 20 டாலர் வரை. சூட் (பெரிய, வசதி கூடிய கேபின்) எடுத்தவர்களுக்குச் சில டாலர் கூடும், சில கப்பல்களில் 25 வரை போகும். கேட்கும்போது சின்னத் தொகையாகத்தான் தெரியும். நான்கு பேர் ஒரே கேபினில் ஏழு இரவு தங்கி, ஆளுக்கு 18 டாலர் என்றால் 504 டாலர் ஆகிறது. கடைசி நாள் பில்லைப் பார்த்துத் திடுக்கிடுவது பெரும்பாலும் இந்த வரியில்தான்.

இந்தக் கட்டணம் அவ்வப்போது ஏறிக்கொண்டே இருக்கிறது. அதனால் உங்கள் கப்பலுக்கான தொகையை கம்பெனியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போன தடவை போனவர் சொன்ன கணக்கை நம்ப வேண்டாம்.

கைக்குழந்தைக்கும் சேர்த்தா?

குழந்தைகளுக்கும் உண்டு, பெரும்பாலும் பெரியவர்களுக்குப் பிடிக்கும் அதே தொகை. இரண்டு, மூன்று வயதுக்குள் இருந்தால் சில கம்பெனிகள் விட்டுவிடுகின்றன. "குழந்தை என்ன சாப்பிடப்போகிறது?" என்று கேட்பவர்கள், குழந்தை சாப்பிட்ட மேஜையைத் துடைப்பவரை ஒரு தடவை பார்த்தால் போதும்.

இந்தப் பணம் உண்மையிலேயே யாருக்குப் போகுது?

உங்கள் கேபினைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்டுக்கும், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வெயிட்டருக்கும் அவருடைய உதவியாளருக்கும் முக்கியப் பங்கு. மீதி, நீங்கள் பார்க்கவே பார்க்காத ஆட்களுக்கும் போகிறது: சலவைக்கூடத்தில் இருப்பவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், பஃபேயில் தட்டு எடுக்கிறவர்கள். யாருக்கு எத்தனை பங்கு என்ற கணக்கைக் கம்பெனிகள் முழுசாக வெளியே சொல்வதில்லை. எனக்கு இதில் உள்ள பெரிய குறை அதுதான்.

வழக்கமாக இந்தப் பங்கில் வராதவர்கள்: கேப்டன், மற்ற அதிகாரிகள், பொறியாளர்கள், மேடைக் கலைஞர்கள், கடைகளில் விற்பவர்கள், ஸ்பா ஊழியர்கள், கேசினோ ஊழியர்கள். பார் ஊழியர்களுக்கு வேறு ஏற்பாடு. கீழே வரும்.

முன்னாடியெல்லாம் கடைசி ராத்திரி கவர்ல போட்டுக் கொடுப்பாங்களாமே? இப்போ அது கிடையாதா?

ஆமாம், அதுதான் பழைய முறை. பயணம் முழுக்க ஒரே மேஜை, ஒரே நேரம், ஒரே வெயிட்டர். கடைசி இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கவரோடு வருவார்கள். வெயிட்டருக்கு ஒன்று, உதவியாளருக்கு ஒன்று, ஸ்டூவர்டுக்கு ஒன்று. கொடுக்க மனமில்லாதவர்கள் அன்றைக்கு மட்டும் பஃபேயில் சாப்பிட்டு நழுவிவிடுவதும் நடக்கும்.

2000-இல் நார்வீஜியன் குரூஸ் லைன் 'ஃப்ரீஸ்டைல்' என்று, எந்த நேரத்திலும் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் வந்தார்கள். தினம் ஒரு வெயிட்டர் என்று ஆனபிறகு கவரை யாரிடம் கொடுப்பது? அப்படித்தான் தானாகப் பிடிக்கும் முறை நிலைத்தது. கவர் கொடுக்கும் வழக்கம் முழுசாகப் போய்விடவில்லை. தானாகப் பிடிப்பதற்கு மேல் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்றும் கவரில்தான் கொடுக்கிறார்கள். ரிசப்ஷனில் கேட்டால் காலிக் கவர் தருவார்கள்.

முன்கூட்டியே கட்டிடலாமா, இல்ல கப்பல்ல போய் கட்டினா நல்லதா?

சேவையில் எந்த வித்தியாசமும் வராது. முன்கூட்டியே கட்டினால் இரண்டு லாபம். கடைசி பில் சின்னதாக இருக்கும். இடையில் கட்டணம் ஏறினாலும், கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் பழைய விகிதமே நிற்கும். பயணமே ரத்தானால் முன்கட்டிய டிப்ஸைத் திருப்பித் தருவதுதான் வழக்கம்.

புக் செய்யும்போது சலுகையாகக் கப்பல் கணக்கில் பணம் போட்டிருக்கிறார்கள் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலான கப்பல்களில் அந்தப் பணத்தை டிப்ஸுக்கே கழித்துக்கொள்ளலாம். அப்படியிருக்க, முன்கூட்டிக் கைப்பணத்தைக் கட்டிவிட்டு, சலுகைப் பணத்தைச் செலவழிக்க கடைசி நாள் கப்பல் கடையில் தேவையில்லாத டி-ஷர்ட் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

பார்ல பில் வந்துச்சு. 18 சதவீதம் ஏற்கெனவே போட்டிருக்காங்க. கீழே டிப்ஸ்னு இன்னொரு கோடும் காலியா இருக்கே?

இதில்தான் நிறையப் பேர் இரண்டு தடவை கொடுத்துவிடுகிறார்கள். கப்பலில் வாங்கும் ஒவ்வொரு பானத்துக்கும் 18 முதல் 20 சதவீதம் வரை சர்வீஸ் சார்ஜ் தானாகவே சேரும். ராயல் கரீபியன் போன்றவற்றில் 18, நார்வீஜியனில் 20. கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும் சீட்டை மேலிருந்து படியுங்கள். பானத்தின் விலை ஒரு வரி, சர்வீஸ் சார்ஜ் ஒரு வரி, கூட்டுத்தொகை ஒரு வரி. அதற்குக் கீழே, 'கூடுதல் டிப்ஸ்' என்று காலியான ஒரு கோடு. பாரில் விளக்கு மங்கலாக இருக்கும், எழுத்தும் பொடி. உணவகப் பழக்கத்தில் கை தானாகவே ஒரு தொகையை எழுதிவிடும்.

காலியாக விட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். தினமும் அதே பாருக்குப் போகிறீர்கள், உங்களைப் பார்த்ததுமே என்ன வேண்டும் என்று தெரிந்து எடுத்துவைக்கிறார் என்றால், ஒன்றிரண்டு டாலரை நோட்டாகக் கையில் கொடுப்பது நல்ல பழக்கம்.

பானப் பேக்கேஜ் இலவசம்னு சொன்னாங்க. அப்புறம் அதுக்கு டிப்ஸ்னு ஒரு தொகை வந்திருக்கே?

பானப் பேக்கேஜ் என்பது பயணம் முழுக்கக் குடிக்கும் பானங்களுக்கு மொத்தமாகச் செய்யும் ஏற்பாடு. அதில் பானங்கள்தான் இலவசம், அதன்மேல் வரும் சர்வீஸ் சார்ஜ் இலவசமில்லை. பேக்கேஜின் முழு விலை இவ்வளவு என்று வைத்து, அதில் 18 அல்லது 20 சதவீதத்தை உங்களிடம் வாங்குவார்கள். ஒரு வாரப் பயணத்தில் இது இருவருக்கும் சேர்த்துச் சில நூறு டாலரைத் தொடலாம். நாளுக்கு ஒரு ஜூஸ் குடிக்கிறவர்களுக்கு இந்த 'இலவசம்' நட்டம். கணக்குப் போட்டுப் பார்த்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பேக்கேஜ் எடுத்தவர்கள் அப்புறம் ஒவ்வொரு பானத்துக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அதுவும் அந்தச் சதவீதத்துக்குள் வந்துவிட்டது.

கேபின் சுத்தம் பண்றவருக்குத் தனியா ஏதாவது கொடுக்கணுமா?

தானாகப் பிடிப்பதில் அவருக்குப் பங்கு இருக்கிறது. அதனால் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் கப்பலில் நான் யாருக்காவது கூடுதலாகக் கொடுப்பேன் என்றால் முதலில் இவருக்குத்தான். பதினைந்து, இருபது கேபின்கள் ஒருவர் தலையில் இருக்கும். நீங்கள் காலைச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிடும். திரும்பி வரும்போது படுக்கை விரிப்பு மாறியிருக்கும், ஈரத் துண்டு போயிருக்கும், உங்கள் மூக்குக்கண்ணாடி தரையிலிருந்து மேஜைக்கு வந்திருக்கும். நீங்கள் அவரைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். பல கம்பெனிகள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றிருந்ததை ஒரு தடவையாகக் குறைத்துவிட்டன. அதனால் அவருக்கு வேலை குறைந்தது என்று நினைக்க வேண்டாம், கேபின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார்கள் என்பதுதான் ஊழியர்கள் பொதுவாகச் சொல்வது.

ஒரு வாரத்துக்குக் கேபினுக்கு மொத்தமாக 20 டாலர் கூடுதலாகக் கொடுப்பது தாராளம். குழந்தைகள் இருந்து அறை போர்க்களமாகக் கிடந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதை எப்போ கொடுக்கறது? முதல் நாளே கொடுத்தா நல்லா கவனிப்பாங்கன்னு சொல்றாங்களே?

அப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. கூடுதல் தலையணை, தினமும் ஒரு வாளி ஐஸ் என்று தனியாக வேலை வைக்கப்போகிறீர்கள் என்றால் முதல் நாளே ஒரு சிறு தொகை கொடுத்துச் சொல்வது மரியாதை. மற்றபடி, கொடுக்காதவர் அறையை அவர் பாதி துடைத்துவிட்டுப் போவதில்லை. முதல் நாளே பணத்தை நீட்டி அதிகாரம் பண்ணுகிறவரைவிட, பெயர் கேட்டு வைத்துக்கொண்டு வணக்கம் சொல்கிறவருக்குத்தான் நல்ல கவனிப்பு கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் கொடுப்பதென்றால் கடைசி நாள் காலைக்கு வைக்காதீர்கள். அன்று வராந்தா முழுக்க அழுக்குத் துணி மூட்டைகள், மத்தியானத்துக்குள் அடுத்த பயணிகள். அவரைப் பிடிக்கவே முடியாது. முந்தின நாள் சாயங்காலம் நேரில் கையில் கொடுங்கள். முடியாவிட்டால் கவரின் மேல் அவர் பெயரை எழுதி மேஜையில் வையுங்கள். பெயர் எழுதாமல் படுக்கையில் வைத்த நோட்டை, மறந்துவிட்ட பணமோ என்று நினைத்து ரிசப்ஷனில் ஒப்படைத்துவிடும் ஸ்டூவர்டுகளும் உண்டு.

ரூம் சர்வீஸ் கொண்டுவர்றவருக்கு?

2 முதல் 5 டாலர். சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா என்று சீட்டில் பாருங்கள். போட்டிருந்தால் உங்கள் இஷ்டம். நடுராத்திரி என்றால் கொடுத்துவிடுங்கள்.

தனியா காசு கட்டி சாப்பிடற ரெஸ்டாரண்ட்ல?

அந்த நுழைவுக் கட்டணத்திலேயே வழக்கமாகச் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கும், அல்லது பார் பில் மாதிரி சதவீதமாக மேலே சேரும். எதுவானாலும் நீங்கள் மறுபடி கணக்குப் போட வேண்டியதில்லை.

துறைமுகத்துல பெட்டி தூக்கறவர் கப்பல் ஆளா?

இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களில் உங்கள் பெட்டியை வாங்கிக்கொள்ளும் போர்ட்டர்கள் துறைமுகத்தின் ஆட்கள். கப்பலில் பிடிக்கும் தொகைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. பெட்டிக்கு 1 அல்லது 2 டாலர் கொடுப்பது வழக்கம். அதனால் கப்பலுக்குப் போகும் நாளில் சில ஒரு டாலர் நோட்டுகளைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். நூறு டாலர் நோட்டை நீட்டி மீதி கேட்டுக்கொண்டிருந்தால் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும்.

கரையில இறங்கி டூர் போனா கைடுக்குக் கொடுக்கணுமா? டூரே கப்பல் வழியாத்தானே புக் பண்ணோம்?

கப்பல் வழியாக எடுத்தாலும் நடத்துபவர் உள்ளூர் ஆள்தான். டூர் விலையில் பொதுவாக டிப்ஸ் சேராது. பெரிய பஸ்ஸில் அரை நாள் சுற்றினால் வழிகாட்டிக்கு ஆளுக்கு 2 முதல் 5 டாலர், டிரைவருக்கு 1 அல்லது 2. ஏழெட்டுப் பேர் மட்டும் போகும் சின்ன டூர் என்றால் விலையில் பத்துச் சதவீதத்தை ஒட்டிக் கொடுக்கலாம்.

இறங்கும் நாட்டின் வழக்கத்தையும் பாருங்கள். ஜப்பானில் டிப்ஸ் பழக்கம் இல்லை. வற்புறுத்திக் கையில் திணித்தால் வாங்குபவருக்குத்தான் சங்கடம். கப்பலுக்குள் ஒரு முறை, கரையில் ஒரு முறை என்று மாறி மாறி வரும், அது சகஜம்.

ஸ்பா, கேசினோ, குழந்தைகள் கிளப்... இவங்களுக்கெல்லாம்?

ஸ்பாவைப் பல கப்பல்களில் வெளிக் கம்பெனி நடத்துகிறது. பில்லிலேயே 18 முதல் 20 சதவீதம் சேர்த்திருப்பார்கள், பார் பில்லைப் படித்தமாதிரி இதையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கேசினோவில் ஜெயித்தவர்கள் டீலருக்கு ஒரு சிப் தள்ளுவது வழக்கம். தோற்றவர்களிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

குழந்தைகள் கிளப் ஊழியர்கள் பெரும்பாலும் இந்த டிப்ஸ் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள். சில கம்பெனிகளில் அவர்கள் பணம் வாங்கவும் கூடாது. உங்கள் குழந்தை வரைந்த ஒரு நன்றி அட்டையும், மேலாளரிடம் பெயர் சொல்லிப் பாராட்டுவதும் அவர்களுக்கு நிஜமாகவே உதவும்.

கேப்டனுக்கு ஏதாவது கொடுக்கலாமா?

பெரிய கப்பலில் கூடவே கூடாது. அவர் தோளில் நான்கு பட்டை போட்ட அதிகாரி. நோட்டை நீட்டினால் இரண்டு பேருக்கும் தர்மசங்கடம். கைகுலுக்கி நன்றி சொல்லுங்கள், போதும். ஆளோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கும் தனிப்படகில் மட்டும் நேர்மாறு. அங்கே மொத்த டிப்ஸையும் கேப்டனிடம்தான் கொடுப்பார்கள், அவர் எல்லோருக்கும் பிரித்துவிடுவார்.

சூட்ல பட்லர் இருக்கார். அவர் இந்த தினசரித் தொகையில வருவாரா?

கம்பெனியைப் பொறுத்தது. நார்வீஜியன் போன்றவற்றில் பட்லரும் (சூட்டுக்கென்று இருக்கும் உதவியாளர்) கான்சியர்ஜும் (முன்பதிவு போன்றவற்றைப் பார்த்துத் தருபவர்) அந்தத் தினசரித் தொகையில் வருவதில்லை, நீங்களாகக் கொடுப்பதுதான். ஏறிய அன்றே ரிசப்ஷனில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு என்பதற்கு ஒரே விதி கிடையாது. பெட்டி அடுக்கித் தந்து, தினமும் காபி கொண்டுவந்து, உணவகத்தில் இடம் பிடித்துத் தந்தவருக்கு ஒன்று. முதல் நாள் முகம் காட்டிவிட்டுக் காணாமல் போனவருக்கு வேறொன்று.

டிப்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் டிக்கெட்னு சொல்ற கப்பல்ல?

அப்படிப்பட்டவையும் இருக்கின்றன. ரீஜென்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற சொகுசுக் கப்பல்களில் டிப்ஸ் டிக்கெட்டிலேயே அடக்கம். பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019 மே மாதத்திலிருந்து தனியாகப் பிடிப்பதை நிறுத்தி விலைக்குள் கொண்டுவந்துவிட்டது. இப்படிப்பட்ட கப்பலில் எதுவும் கொடுக்காமல் இறங்கினால் தப்பே இல்லை. ஒருவர் மனதைத் தொடும்படி கவனித்தார் என்றால் கவரில் கொடுங்கள், மறுக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் எல்லாக் கப்பலும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆத்துக் கப்பல்ல போறோம், சின்னக் கப்பல். அங்கேயும் இதே கணக்கா?

ஐரோப்பிய ஆற்றுக் கப்பல்களில் பொதுவாக ஆளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 யூரோ என்று பரிந்துரைப்பார்கள். பலவற்றில் தானாகப் பிடிப்பதில்லை. கடைசி நாள் ரிசப்ஷனில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், அதில் கவரைப் போட்டால் எல்லோருக்கும் பங்காகும். பயணம் முழுக்கக் கூடவே வரும் டூர் மேனேஜருக்குத் தனிக் கவர் கேட்பது வழக்கம். நூற்றுச் சொச்சம் பயணிகளே இருப்பதால் முகம் பார்த்துப் பழகியிருப்பீர்கள், இங்கே கொடுப்பதில் அதனால் ஒரு நிறைவும் இருக்கும்.

எந்தப் பணத்துல கொடுக்கறது? கையில இருக்கிற சில்லறையைக் கொடுத்துடலாமா?

நாணயம் வேண்டவே வேண்டாம். ஊருக்குப் போய் மாற்றும்போது நாணயத்தை யாரும் வாங்க மாட்டார்கள். டாலர் அல்லது யூரோ நோட்டாகக் கொடுங்கள், கிழிசல் இல்லாமல். போகும் வழியில் மிச்சமான ஐந்தாறு நாட்டுச் சில்லறையைக் கவரில் கொட்டிக் கொடுப்பதை அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள்.

பணத்துக்குப் பதிலா ஏதாவது பரிசு கொடுத்தா?

பணத்தோடு கொடுங்கள், பணத்துக்குப் பதிலாக வேண்டாம். கப்பல் ஊழியர்கள் பெரும்பாலும் இரண்டு பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் சின்ன அறையில் தங்குகிறவர்கள். பொம்மை, நினைவுப் பொருள் வைக்க இடமில்லை. பிரிக்காத சாக்லெட் பெட்டி சரி. வீட்டில் செய்த பலகாரம் வேண்டாம், எதில் செய்தது என்று தெரியாததை அவர்கள் சாப்பிடத் தயங்குவார்கள்.

சேவை ரொம்ப மோசம். டிப்ஸை எடுக்கச் சொல்லலாமா?

பல கம்பெனிகளில் சொல்லலாம். ரிசப்ஷனில் கேட்டால் ஒரு படிவம் தருவார்கள், அல்லது காரணம் கேட்டுவிட்டுக் குறைத்துவிடுவார்கள். கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன் செய்ய வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகு எழுதினால் பெரும்பாலும் பலன் இருக்காது. ஐரோப்பியக் கம்பெனிகள் சிலவற்றில் இது கட்டாயக் கட்டணம், கேட்டாலும் குறைக்க மாட்டார்கள். புக் செய்யும்போதே விதிமுறையைப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் முதலில் டிப்ஸைப் பிடித்து இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கழிவறை நாறுகிறது, ஏசி ஓடவில்லை, இறங்க வேண்டிய துறைமுகத்தை ரத்து செய்துவிட்டார்கள் என்ற கோபத்தில்தான் பலர் டிப்ஸை எடுக்கப் போகிறார்கள். இதில் எதுவும் வெயிட்டரின் குற்றமில்லை. தங்குமிடக் குறைக்கு கம்பெனியிடம் பணம் கேளுங்கள், கப்பல் கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள். நிஜமாகவே ஓர் ஊழியர் மோசமாக நடந்தார் என்றால் இரண்டாம் நாளே மேலாளரிடம் சொல்லுங்கள். ஆளை மாற்றிவிடுவார்கள், மீதிப் பயணமாவது நன்றாக இருக்கும். கடைசி நாள்வரை பொறுமையாக இருந்துவிட்டு மொத்தத்தையும் வெட்டினால், ஏன் வெட்டினீர்கள் என்பதுகூட அந்த ஆளுக்குப் போய்ச் சேராது.

அதை எடுத்துட்டு, அதே பணத்தை நானே நேரா அவங்க கையில கொடுத்தா நல்லதுதானே? கம்பெனி நடுவுல தின்னாது.

நல்ல எண்ணம்தான். நிறையப் பேர் இப்படி யோசிக்கிறார்கள். ஆனால் பல கம்பெனிகளில் ஒரு விதி இருக்கிறது: தானாகப் பிடிப்பதை ஒருவர் எடுத்துவிட்டால், அவர் கையில் கொடுக்கும் பணத்தை ஊழியர் பொதுப் பங்கில் சேர்த்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டவர் கூடுதலாகக் கொடுப்பதை மட்டும் ஊழியரே வைத்துக்கொள்ளலாம். ஆக, நீங்கள் நேராகக் கொடுத்ததாக நினைப்பது நேராகப் போவதில்லை.

இன்னொன்று, நீங்கள் பார்த்தது மூன்று முகம். முன்பு சொன்ன சலவைக்கூடத்து ஆளும் பாத்திரம் கழுவுகிறவரும் உங்கள் கவரில் இல்லை. தானாகப் பிடிப்பதை அப்படியே விடுங்கள். மனதுக்குப் பிடித்தவருக்கு அதற்கு மேல் பத்தோ இருபதோ கையில் கொடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வையுங்கள்.

கம்பெனி ஒழுங்கா சம்பளம் கொடுக்காம நம்ம தலையில கட்டுது. நான் ஏன் உடந்தையாகணும்?

இந்தக் கேள்வியை விதண்டாவாதம் என்று தள்ள மாட்டேன். நியாயமான கேள்வி. பெரிய குரூஸ் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகின்றன. எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டுச் சட்டம்தான் ஊழியருக்கு. பயணி ஏறுகிற ஊரின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவரைத் தொடாது. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் உணவும் தங்குமிடமும் இலவசம், ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேலோ வாரத்தில் 72 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது, அல்லது நாளுக்கு 10 மணி நேரமும் வாரத்துக்கு 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அது உச்சவரம்பு, ஆனாலும் வாரத்துக்கு 72 மணி நேரம் என்றால் ஏழு நாளும் வேலை பார்த்தாலும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் என்று புரிந்துகொள்ளுங்கள். தேர்ந்த மாலுமி ஒருவருக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமே 2025-இல் மாதம் 673 டாலர்தான். ஸ்டூவர்டுக்கும் வெயிட்டருக்கும் வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸிலிருந்து வருகிறது. ஆறேழு மாதம், சில நேரம் ஒன்பது மாதம் என்று அவர்களுடைய வேலை ஒப்பந்தம் ஓடும்.

ஆக, டிப்ஸ் என்ற பெயரில் நாம் கட்டுவது சம்பளத்தைத்தான். கம்பெனி அதை டிக்கெட் விலையில் சேர்த்திருக்க வேண்டும், மேலே சொன்ன சொகுசுக் கப்பல்கள் சேர்த்தும் இருக்கின்றன. சில ஒப்பந்தங்களில் இவ்வளவு வருமானம் உறுதி என்று எழுதி, டிப்ஸ் குறைந்தால் கம்பெனி ஈடுசெய்கிறது. எல்லா இடத்திலும் அப்படியில்லை, பயணிக்கு அது தெரியவும் வழியில்லை.

ஆனால் எதிர்ப்பைக் காட்டுவதற்கு ஸ்டூவர்டின் பங்கை வெட்டினால் கம்பெனிக்கு ஒரு சென்ட் குறையப்போவதில்லை. எதிர்ப்புக் காட்ட வேண்டிய இடம் புக்கிங். டிப்ஸை விலைக்குள் வைத்திருக்கும் கப்பலில் போங்கள். அல்லது கம்பெனிக்கே எழுதுங்கள். கப்பலில் ஏறிவிட்ட பிறகு அந்தக் கணக்கு கம்பெனியோடு இல்லை.

பத்துப் பேர் சேர்ந்து போறோம். அதுல ரெண்டு பேர் டிப்ஸை எடுத்துட்டாங்க. நாங்க ஒரே மேஜை. சங்கடமா இருக்கே?

சங்கடம்தான். யார் எடுத்தார்கள் என்பது ஊழியர்களுக்குத் தெரியவருவது உண்டு. அதற்காக உங்கள் மேஜைக்குச் சாப்பாடு தாமதமாக வராது, அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். நீங்கள் அந்த இருவரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். உங்கள் பங்கு கூடுதலாகக் கொடுக்கும்போது மேஜை சார்பில் என்று சொல்லாமல் உங்கள் பெயரில் கொடுங்கள். அடுத்த தடவை குழுவாகப் புக் செய்யும்போது டிப்ஸையும் எல்லோருக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டிவிடுங்கள், இந்தப் பேச்சே வராது.

கடைசி நாள் எல்லோரும் வந்து "சர்வேயில பத்து போடுங்க"ன்னு கேக்கறாங்க. அதுவும் டிப்ஸ் மாதிரியா?

கிட்டத்தட்ட. பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் வரும் அந்தக் கருத்துப் படிவத்தை கம்பெனிகள் மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் "நன்றாகத்தான் இருந்தது" என்று எட்டு போட்டால் அது அங்கே தோல்வி மாதிரி பார்க்கப்படும் என்பதுதான் ஊழியர்களின் பயம். அதனால்தான் கடைசி இரவு ஹெட் வெயிட்டர் மேஜை மேஜையாக வந்து, சிரித்துக்கொண்டே பத்தை நினைவுபடுத்துகிறார். கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவருக்கும் அப்படித்தான்.

எண்ணைவிட உதவுவது பெயர். படிவத்தில் எழுத இடமிருக்கும். அதில் ஊழியரின் பெயர், அவர் வேலை பார்த்த உணவகம் அல்லது தளம், அவர் செய்த ஒரு காரியம், இவ்வளவையும் இரண்டு வரியில் எழுதுங்கள். பெயரோடு வரும் பாராட்டை ஊழியரின் பதிவில் சேர்க்கிறார்கள், அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அதைப் பார்க்கிறார்கள். பெயர்ப்பட்டையைக் கப்பலில் இருக்கும்போதே கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் கழித்து அந்த மின்னஞ்சல் வரும்போது முகம் நினைவிருக்கும், பெயர் நினைவிருக்காது.